இருபத்தேழாவது நிமிடத்தில் தீரும் டீசல்

ஆற்றல் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. வரைந்தவர் நல்ல கொழுகொழு கன்னத்தோடுதான் வரைந்திருந்தார். அவர் செய்த ஒரே தவறு, புகைக்குழாய்க்கு நேர் மேலே வரைந்தது. மூன்று வருட டீசல் புகையில் சூரியனுக்கு இடது கன்னம் முழுக்கத் தாடி முளைத்துவிட்டது. போகிற பள்ளியில் எல்லாம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "சூரியனுக்கு ஏன் தாடி?" என்பதுதான். வண்டியக்கா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள்: "வயசாயிடுச்சுல்ல, நானூத்தி அம்பது கோடி வருஷம்." அறிவியல்படி பார்த்தால் அதில் பாதி உண்மை இருந்தது. அந்த வண்டியில் கிடைத்த மற்ற உண்மைகளோடு ஒப்பிட்டால் அது நல்ல விகிதம்.

வண்டியக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வண்டியை அனுப்பும் அறக்கட்டளையின் காகிதத்தில் அவள் 'ஆற்றல் விழிப்புணர்வு விளக்குநர், தற்காலிகம்'. பள்ளி பள்ளியாகப் போய், எந்த ஆற்றல் தீரும், எந்த ஆற்றல் தீராது என்று மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை விளக்குவது அவள் வேலை. பாடப்புத்தகத்தில் இதற்குப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல், புதுப்பிக்க இயலாத ஆற்றல் என்று போட்டிருக்கும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் சின்ன வகுப்புகளுக்கு மணி அடித்துவிடும் என்பதால், அவள் தீரும், தீராது என்று சுருக்கிக்கொண்டாள்.

வண்டிக்கூரையில் ஒரு சோலார் பேனல் இருந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியின் நுழைவு வளைவு அதை உரசியதில் நெடுக விரிசல் விட்டு, மின்சாரம் தருவதை நிறுத்திக்கொண்டது. புதிய பேனல் கேட்டு விண்ணப்பம் போனது. 'பழைய பேனலை நல்ல இயங்கும் நிலையில் ஒப்படைத்தால் புதியது வழங்கப்படும்' என்று பதில் வந்தது. சரி, பள்ளிக்கூடத்து மின்சாரத்தையாவது எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டாள். பள்ளி மின்சாரம் நிலக்கரியில் இருந்து வருகிறது, அதைத் தொடுவது அறக்கட்டளையின் கொள்கைக்கு விரோதம் என்றார்கள். கொள்கையைக் காப்பாற்ற ஒரு ஜெனரேட்டர் வந்து சேர்ந்தது. அது டீசலில் ஓடியது.

ஆக, மேஜை மேல் பொம்மைக் காற்றாலை சுற்ற ஒரு ஃபேன், பொம்மை வீட்டின் சின்ன சோலார் தகட்டுக்கு மேலே சூரியனாக ஒரு பெரிய குண்டு பல்பு, ஃபேனுக்கும் சூரியனுக்கும் பின்னால் நீளமாக ஒரு வயர், வயரின் அந்தப் பக்கம் ஜெனரேட்டர். வெளிச்சம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலை எல்லாம் சாத்தித் திரை போட்டுவிடுவார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்.

இந்த ஏற்பாட்டை எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர் டிரைவர். வண்டியை ஓட்டுவது, ஜெனரேட்டரை ஓட்டுவது, தலைமை ஆசிரியர்களிடம் பேச்சு ஓட்டுவது மூன்றும் அவர்தான். அவளை 'டீச்சரம்மா' என்பார். டீச்சர் இல்லை என்று அவள் பலமுறை சொல்லிவிட்டாள். "பசங்களைப் பார்த்து அதட்டுறவங்க எல்லாரும் டீச்சர்தாம்மா" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கு வழக்கமான நாள் இல்லை. மதிப்பீட்டாளர் ஒருவர் நிகழ்ச்சியைப் பார்க்க வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால் ஒப்பந்தம் நீளும். எழுதாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

வேலை போனால் அவள் தெருவில் நிற்க மாட்டாள். அதுதான் பிரச்சினை. அவளுக்கு ஏற்கெனவே ஒரு வேலை தயாராகக் காத்திருந்தது. கணவரின் அண்ணனுக்கு ஊர் எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அதை நடத்துவது அண்ணன் மனைவி, அதாவது இவளுடைய ஓரகத்தி. கண்ணாடிக் கூண்டுக்குள் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்து, வெளியே குழாய் பிடிப்பவர்களை மைக்கில் மேய்ப்பாள். "என்னிக்கு வேணாலும் வந்து சேர்ந்துக்கோ, உனக்கில்லாத இடமா" என்று குடும்ப விசேஷம் ஒன்று விடாமல் நாலு பேர் முன்னால் சொல்வாள். போன மாதம் ஒரு படி மேலே போய், அளவு சரியா பார் என்று ஒரு மஞ்சள் சட்டையை வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். முதுகில் 'முழு டேங்க், முழு மகிழ்ச்சி' என்று அச்சடித்திருந்தது. அளவு சரியாக இருந்தது. அதை நினைத்து அவளுக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

கணவர் நல்ல மனிதர். ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். "அண்ணி நல்ல மனசோடதான் கூப்பிடுறாங்க" என்பார்.

"அந்த நல்ல மனசுலதான் எனக்கு பயம்" என்பாள் இவள்.

வண்டி ஊர் எல்லையை நெருங்கும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "டீச்சரம்மா, ஜெனரேட்டர் கேன்ல அடியில கொஞ்சந்தான் ஆடுது. நம்ம பங்க்ல புடிச்சுக்கலாமா?"

'நம்ம பங்க்' என்ற சொல்லே அவளுக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஓரகத்தியின் தலை தெரிந்தது. இன்றைக்குப் போய் நின்றால் மைக்கிலேயே விசாரிப்பாள்.

"வேணாம்ணே. போற வழியில வேற பாத்துக்கலாம்."

"வேற இருக்குதாம்மா?"

"இருக்கும்."

"இருக்கும்னு டீசல் கிட்ட சொன்னா அது கேக்காது."

"ஒரு ஷோவுக்குப் போதும்ணே, நீங்க போங்க."

வழியில் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் வாசலில் கயிறு கட்டி, குழாய்களைப் பழைய துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை அவர் மிகச் சத்தமாகச் செய்வார்.

பள்ளிக்கூடத்தில் மதிப்பீட்டாளர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். அவருடைய கார் வேப்பமரம், கொய்யாமரம் எதுவும் இல்லாத மொட்டை வெயிலில் நின்றிருந்ததால், உள்ளே குளிர் குறையாமல் இருக்க எஞ்சின் ஓடியபடியே இருந்தது. மனிதர் கையில் நாற்பது கேள்விகள் கொண்ட படிவம். ஒவ்வொன்றின் எதிரிலும் நான்கு கட்டங்கள். பள்ளி வாசலில் இருந்து வகுப்பறைக்கு நடந்து வருவதற்குள் ஆறு கட்டங்களை நிரப்பிவிட்டார். டிரைவர் அவருக்கு அந்த நிமிடமே 'டிக்மார்க்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"நான் இருக்கேன்னே நினைக்காதீங்க" என்றார் டிக்மார்க், கடைசி வரிசையில் ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்து. முட்டி இரண்டும் தாடைக்கு வந்துவிட்டதால் படிவத்தை முட்டி மேலேயே வைத்து எழுத வசதியாக இருந்தது.

நூற்றுப் பதினோரு பிள்ளைகள். ஜன்னல்கள் சாத்தப்பட்டன, திரைகள் விழுந்தன. வெளியே ஜெனரேட்டர் உறுமியது. குண்டு பல்பு எரிந்து சூரியன் உதித்தது.

"அக்கா, அது என்ன சத்தம்?" என்றாள் முன்வரிசையில் தாடையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த ஒரு சிறுமி.

இந்தக் கேள்வி எல்லாப் பள்ளியிலும் வரும். "அதை அப்புறம் சொல்றேன்" என்பது அறக்கட்டளை அச்சிட்டுக் கொடுத்த கையேட்டில் உள்ள பதில். அப்புறம் எப்போது என்று கையேட்டில் இல்லை.

அவள் காற்றைச் சொன்னாள், பொம்மைக் காற்றாலை சுற்றியது. சூரியனைச் சொன்னாள், பொம்மை வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அணையைச் சொல்லி ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள், ஒரு பையனின் சட்டை நனைந்தது. எல்லாம் வழக்கம்போல. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த பாகத்துக்கு வந்தாள்.

"நிலக்கரி, பெட்ரோல், டீசல். இதெல்லாம் பூமிக்குள்ள கோடிக்கணக்கான வருஷமா உருவானது. நாம எடுக்க எடுக்கக் குறையும். திரும்ப வராது. நாம பாட்டுக்கு எரிச்சுக்கிட்டே இருந்தோம்னா, ஒரு நாள்..."

வெளியே ஜெனரேட்டர் ஒரு முறை இருமியது.

"...ஒரு நாள் திடீர்னு..."

இரண்டாவது முறை இருமியது. பிறகு, மூச்சை விட்டது. ஃபேன் நின்றது. காற்றாலை இரண்டு சுற்று மரியாதைக்குச் சுற்றிவிட்டு நின்றது. சூரியன் ஆரஞ்சு ஆகி, சிவப்பாகி, அணைந்தது. அவள் கையிலிருந்த மைக் செத்தது. இருட்டு.

அந்த இருட்டில் வண்டியக்காவுக்கு ஒரே ஒரு பொருள் பளிச்சென்று தெரிந்தது. மஞ்சள் சட்டை. முழு டேங்க், முழு மகிழ்ச்சி.

பக்கக் கதவு திறந்தது. கதவு அளவுக்கான வெளிச்சத்தில் டிரைவர் காலி கேனோடு நின்றார். ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் நூற்றுப் பதினோரு பிள்ளைகள் மூச்சு விடாமல் இருந்த நேரம் அது.

"டீசல் தீர்ந்துபோச்சும்மா."

ஒரு நொடி. இரண்டு நொடி. கூரை அதிரக் கைதட்டல் எழுந்தது. "அந்த அண்ணன் சூப்பரா நடிக்கிறாரு" என்றது ஒரு குரல். கடைசி வரிசையில் இருந்து கனமான கைதட்டல் ஒன்றும் கலந்தது. டிக்மார்க் எழுந்து நின்று தட்டினார். பெஞ்சும் அவரோடு சேர்ந்து கொஞ்சம் எழுந்தது.

"பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே இருட்டில் வழி தேடி வெளியே போனார். நிகழ்ச்சி அதோடு முடிந்தது என்று அவர் எடுத்துக்கொண்டார். தலைமை ஆசிரியை அறையில் டீயும் பிஸ்கெட்டும் காத்திருந்ததும் ஒரு காரணம்.

"வண்டி டேங்க்ல இருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுங்கண்ணே" என்றாள் அவள் மெதுவாக.

"டியூப் போகாம ஆபீஸ்ல வலை அடிச்சிருக்காங்க. நான் திருடிருவேன்னு."

பிளாஸ்திரிச் சிறுமி மேஜைக்கே வந்துவிட்டாள். "அக்கா, அடுத்து என்ன?"

"அடுத்து... அவ்வளவுதான் பாப்பா. கரண்ட் இல்லையே."

"ஜன்னலைத் திறந்தா?"

"திறந்தா?"

"வெயில் வரும்ல."

மூன்று வருடத்தில் இருநூறு பள்ளிகளுக்கு மேல் போய்ச் சூரிய ஆற்றல் பற்றி விளக்கியவளுக்கு, இது ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. அதற்குள் நாலு பையன்கள் திரையை இழுத்துவிட்டார்கள். வெயில் ஒரு பலகை மாதிரி வந்து மேஜையில் விழுந்தது. பொம்மை வீட்டு விளக்கு தானாக எரிந்தது. குண்டு பல்பு சூரியனுக்கு எரிந்ததைவிட நன்றாகவே எரிந்தது. நூற்றுப் பதினோரு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிப் பார்த்தார்கள்.

யாரோ காற்றாலையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். அங்கே காற்றில் அது சுற்ற ஆரம்பித்தது.

"அக்கா, தப்பாச் சுத்துது. உள்ள இப்படிச் சுத்துச்சு, இப்ப அப்படிச் சுத்துது."

"காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அதைப் பொறுத்து" என்றாள்.

"அப்ப உள்ள?"

"உள்ள ஃபேன் வச்சிருந்தேன்."

"ஃபேனை எது சுத்துச்சு?"

அவள் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் வானத்தைப் பார்த்தார்.

"டீசல்" என்றாள்.

"அப்ப அந்தச் சத்தம்?" என்றாள் பிளாஸ்திரி.

"அதான் அது."

"சூரியனுக்குத் தாடி?"

"அதுவும் அதான்."

அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவள் கையேட்டைத் திறக்கவே இல்லை. நிழல் விழுந்தால் விளக்கு மங்குவதை ஒருத்தி கண்டுபிடித்தாள். கையை எவ்வளவு விரித்தால் எவ்வளவு மங்கும் என்று சண்டை வந்தது. காற்று நின்றபோது ஒருவன் காற்றாலையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடி, அது சுற்றுவதைக் காட்டினான். "இப்ப இது தீருமா தீராதா?" என்று அவள் கேட்டாள். மூச்சிரைத்தபடி, "நான் தீர்ந்துருவேன்க்கா" என்றான். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அவள் நடத்திய பாடங்களிலேயே யாருக்காவது ஏதாவது புரிந்த பாடம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதைப் பார்க்க வேண்டியவர் டீயில் பிஸ்கெட்டை முக்கிக்கொண்டிருந்தார்.

அவள் தலைமை ஆசிரியை அறைக்குள் போனபோது படிவத்தில் முப்பத்தெட்டுக் கட்டங்கள் நிரம்பியிருந்தன.

"அந்த இருட்டு" என்றார் டிக்மார்க். "எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீங்க?"

மஞ்சள் சட்டை ஒரு முறை அவள் கண்முன் ஆடியது. இருந்தாலும் வெளியே பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லி வாய் பழகிவிட்டிருந்தது. "ஒத்திகை இல்ல சார். நிஜமாவே டீசல் தீர்ந்துபோச்சு."

"அதான் அழகு. நிஜம் மாதிரியே இருந்துச்சு."

"இல்ல சார். நிஜமாவே. காலையில புடிக்காம வந்துட்டோம். என் தப்பு."

அவர் பேனாவை எடுத்து முப்பத்தொன்பதாவது கட்டத்தில் குறித்தார். அவள் எட்டிப் பார்த்தாள். 'தன்னடக்கம்: மிக நன்று.'

"ஒரே ஒரு குறை" என்றார். "நல்ல முடிவு கொடுத்துட்டு, அப்புறம் பசங்களை வெளிய ஓடவிட்டுட்டீங்க. ஒரே சத்தம். அதை மட்டும் எடுத்துடுங்க."

சொல்லிவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த காரில் ஏறிப் போனார்.

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. கணவர்தான் பிரித்தார். ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. 'தற்காலிகம்' என்ற சொல் எடுக்கப்பட்டிருந்தது. அவர் படித்துவிட்டு அந்த மஞ்சள் சட்டையை எடுத்து ஸ்கூட்டர் துடைக்கப் போட்டுவிட்டார். கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் அவர் காட்டிய அன்பிலேயே அது உச்சம் என்று அவள் நினைத்தாள். பிறகு கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தாள்.

ஒன்று, 'இருட்டு உத்தி' எல்லாப் பள்ளிகளிலும் மதிப்பீட்டு நாளில் நடந்தது போலவே தவறாமல் இருபத்தேழாவது நிமிடத்தில், 'ஒரு நாள் திடீர்னு' என்ற சொற்களை அடுத்து நிகழ வேண்டும். இரண்டு, சோலார் பேனல் பொருத்தினால் மேற்படி உத்திக்குப் பாதகம் என்பதால் அந்த விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. மூன்று, வெளிப்புற ஓட்டம் நீக்கப்பட வேண்டும்.

"சுவிட்சை அணைச்சா போதாதாண்ணே?" என்று அவள் டிரைவரிடம் கேட்டாள்.

"அந்த ரெண்டு இருமல் வராதும்மா. டிக்மார்க்குக்கு அதுதான் புடிச்சிருக்கு. குறிச்சிருக்காரு பாருங்க, 'இருமல் ஒலி மிகப் பொருத்தம்'னு." பிறகு பெருமூச்சு விட்டார். "டீசல் எஞ்சின் காஞ்சு நின்னா பைப்புல காத்துப் புடிச்சுக்கும். தினம் நான்தான் ஸ்பேனரை வச்சுக்கிட்டு ஏர் எடுக்கணும். உங்க உத்தி, என் முதுகு."

இருபத்தேழு நிமிடத்துக்கு எவ்வளவு டீசல் என்று கண்டுபிடிக்க நாலு பள்ளி பிடித்தது. முதல் பள்ளியில், "எல்லாருக்கும் வணக்கம்" என்றதுமே இருண்டுவிட்டது. இரண்டாவது பள்ளியில் டிரைவர் பயந்துபோய்க் கூடுதலாக ஊற்றிவிட்டார். "ஒரு நாள் திடீர்னு" என்று அவள் சொல்லி நிறுத்தினாள். ஜெனரேட்டர் கம்பீரமாக ஓடியது. இன்னொரு முறை சொன்னாள். நிலக்கரி உருவான கதையை முதலில் இருந்து, ஒவ்வொரு செடியாகச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து ஒரு பையன் கை தூக்கினான். "அக்கா, தீர்ந்துடும் தீர்ந்துடும்னு சொல்றீங்க, தீரவே இல்லையே?" அறக்கட்டளையின் கையேட்டில் இதற்கும் பதில் இல்லை.

கடைசியில் டிரைவர் இருமல் மருந்து மூடியால் அளந்து அளந்து ஒரு கணக்குக்கு வந்தார். அறுநூறு மில்லி. முந்தைய நாளின் மிச்சம் சேர்ந்தால் கணக்கு கெடும் என்பதால், தினமும் காலையில் புதிதாக அறுநூறு மில்லி. அந்த வழியில் திறந்திருந்தது ஒரே ஒரு பங்க்.

கண்ணாடிக் கூண்டின் கதவு திறந்தது. ஓரகத்தி மைக்கில் பேசாமல் நேரிலேயே வந்தாள். அது அவள் தரும் உச்சபட்ச மரியாதை.

"வேலை நிரந்தரமாயிடுச்சாமே? உன் வீட்டுக்காரர் சொன்னார். சந்தோஷம்டி. என்ன வேணும், ஃபுல் டேங்கா?"

வண்டியக்கா ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதில் பேனாவால் கோடு போட்டிருந்தது. "அறுநூறு மில்லிக்கா."

"வண்டிக்கா?"

"பாடத்துக்கு."

ஓரகத்தி பாட்டிலைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், வண்டியின் பின்னால் இருந்த தாடிக்காரச் சூரியனைப் பார்த்தாள். கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கோடு அப்படியே நிற்கவில்லை. மூன்று வருட ஒப்பந்தம் பையில் இருந்தது, டிக்மார்க் வேறு மாவட்டத்துக் கிணறு தூர்வாரலை மதிப்பிடப் போய்விட்டார், இருட்டு வந்த நேரத்தைத் தினப் படிவத்தில் எழுதுவது டிரைவரின் கை. அடுத்த வாரம் கோடு ஐந்நூறுக்கு இறங்கியது. பிறகு முந்நூற்றைம்பது. பள்ளிகளில் இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சீக்கிரம் வர ஆரம்பித்தது. இருட்டு வந்ததும் யாராவது ஒரு பிள்ளை ஜன்னலைக் காட்டும். காட்டாவிட்டால் அவள் காத்திருப்பாள். எப்படியும் காட்டும்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் ஓரகத்தி மைக்கை எடுத்தாள். பங்க் முழுக்கக் கேட்டது. "ஏன்டி, நாளுக்கு நாள் அளவு குறையுதே, என்ன சங்கதி?"

வண்டியக்கா பாட்டிலின் அடியில் போட்டிருந்த புதிய கோட்டைக் குழாய் பிடிப்பவரிடம் காட்டினாள். நூறு மில்லி. அவர் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு கோடு இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"தீர்ந்துபோற பொருள் இல்லையாக்கா" என்றாள் வண்டியக்கா. "பாத்துத்தான் செலவு பண்ணணும்."